முத்துக் கணக்கும் பள்ளிக் கணக்கும்: திண்ணைப் பள்ளி எண் கல்வி குறித்த ஒரு மறுநோக்கு

முன்னுரை

மரபுக் கணிதக் கல்வி மனப்பாடத்தைச் சார்ந்தது, நவீனக் கல்வி புரிதலைச் சார்ந்தது என்னும் பகுப்பு கல்வி வரலாற்று நூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. தூத்துக்குடி, காயல்பட்டினம், சாகுபுரம் உள்ளிட்ட முத்துக்குளித்துறைக் கடற்கரையின் கணக்கு வழக்கத்தைக் கொண்டு இப்பகுப்பின் பொருத்தத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்சுவடியும் முத்து மதிப்பீடும்

திண்ணைப் பள்ளி மாணவர் மணலில் எழுதியும் உரக்கச் சொல்லியும் எண்சுவடியைப் பயின்றனர். முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) முதலிய பின்னங்களும் நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று ஆகிய வாய்பாடுகளும் அதில் இடம்பெற்றன. நிலப்பரப்பைக் காண உதவிய குழிமாற்று, எண்களையும் பின்னங்களையும் வர்க்கமாக்கும் பயிற்சியாகும்.

முத்து வணிகத்திலும் இத்திறனே தேவைப்பட்டது. முத்துகள் பித்தளைச் சல்லடைகளால் தரம் பிரிக்கப்பட்டுக் கழஞ்சு, மஞ்சாடி அளவுகளில் நிறுக்கப்பட்டன. மொத்த எடையின் வர்க்கத்தை முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பது மதிப்பீட்டின் அடிப்படை. நான்கு மஞ்சாடி எடையுள்ள ஒரு முத்துக்கு இம்முறையில் 16 கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு மஞ்சாடி எடையுள்ள நான்கு முத்துகளுக்கு 4 மட்டுமே கிடைக்கும். எடை ஒன்றாயினும் பெருமுத்தின் மதிப்பு நான்கு மடங்காகிறது. மனப்பாடம் செய்த வாய்பாடு இங்குச் சிந்தனைக்குக் கருவியாக அமைந்தது.

காலனியப் பார்வையின் முரண்

1789இல் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியின் மணல் எழுத்தைக் கண்டு அதனைக் கையாண்டார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் இலண்டனில் வெளியான அவரது அறிக்கையால் அது 'மதராஸ் முறை' எனப் பிரிட்டனில் பரவியது. அங்குப் புதுமையாகக் கொள்ளப்பட்ட முறைக்கு மூலமான திண்ணைப் பள்ளியோ, இங்கு வெறும் உருப்போடும் இடமெனப் பழிக்கப்பட்டது.

ஆயினும் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகக் காட்டுவதும் பொருந்தாது. தாமஸ் மன்றோவின் 1826ஆம் ஆண்டுக் குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றனர். அவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. சாதியும் பாலினமும் கல்வியின் வாயிலைக் குறுக்கின.

அளவைகளின் மறைவு

1957 ஏப்ரல் முதல் நாளில் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. மெட்ரிக் அளவைகளும் படிப்படியாக வந்தன. மா, காணி, நாழி, மஞ்சாடி வழக்கொழிந்தபோது எண்சுவடி தன் பயன்களத்தை இழந்தது. ஆனால் வாய்பாட்டு மனப்பாடம் மறையவில்லை. அளக்கும் பொருளிலிருந்து பிரிந்து தேர்வுக்குரியதாய் வகுப்பறையில் நீடித்தது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றலை மீண்டும் முன்னிறுத்துகிறது.

முடிவுரை

மனப்பாடமா புரிதலா என்பதைவிட, கற்ற எண் எதனை அளக்கிறது என்பதே வரலாறு எழுப்பும் வினா. இன்று இக்கடற்கரையில் முத்துக்குளிப்பு இல்லை, உப்பளங்கள் உள்ளன. பாத்தியின் பரப்பும், உப்பு விளையும் நீரின் அடர்த்தியும் நாள்தோறும் அளக்கப்படுகின்றன. அக்கணக்கு இப்பகுதிப் பள்ளிகளின் பாடமாகுமாயின், திண்ணைப் பள்ளி பெற்றிருந்த பயன்தொடர்பு, அது மறுத்த பிள்ளைகளுக்கும் உரியதாகும்.