100 மரம் இருந்தா காடாகிடுமா? பல்லுயிர் வளத்தை அளக்கும் ஈஸி கணக்கு!

குறிஞ்சிப்பாடியிலிருந்து நெய்வேலி பக்கம் போனால் பெரிய பெரிய மண் மேடுகளைப் பார்க்கலாம். பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காகச் சுரங்கத்தில் தோண்டிக் குவித்த மண் அது. அதன்மேல் மரங்களை நட்டு வளர்க்கிறது என்.எல்.சி. நிறுவனம். தூரத்திலிருந்து பார்த்தா பச்சைப்பசேல்தான். ஆனா, அது காடா, வெறும் தோப்பா? மரங்களின் எண்ணிக்கையை மட்டும் வெச்சு இதைச் சொல்லிட முடியாது.

எத்தனை வகை, எதில் எத்தனை?

உதாரணத்துக்கு ரெண்டு இடம். ரெண்டிலும் 100 மரங்கள், 5 வகைகள். முதல் இடத்தில் வேம்பு, புங்கன், நாவல், புளி, இலுப்பை தலா 20. இரண்டாவதில் தைல மரம் மட்டுமே 92. வேம்பு, புங்கன், நாவல், புளி தலா 2. பட்டியலில் ரெண்டும் சமம். ஆனா, தைல மரத்துக்கு ஒரு நோய் வந்தா இரண்டாவது இடம் மொட்டையாகிடும்!

சிம்சன் கணக்கு

இந்த வித்தியாசத்தைப் பிடிக்க 1949-ல் வழி சொன்னவர், எட்வர்ட் சிம்சன் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர். ஒவ்வொரு வகையின் பங்கையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 1-லிருந்து கழிக்கணும்.

* முதல் இடம்: 0.2 × 0.2 = 0.04. ஐந்து வகைக்கும் சேர்த்து 0.20. விடை 0.80.
* இரண்டாவது இடம்: தைல மரத்துக்கு மட்டும் 0.8464, மற்ற நான்குக்கும் சேர்த்து 0.0016. விடை சுமார் 0.15.

அதாவது, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு தடவை மரத்தைத் தொட்டா, ரெண்டும் வேற வேற வகையா இருக்கிற வாய்ப்பு முதல் இடத்தில் 80%. இரண்டாவதில் 15% தான்.

போன்லயே கிராஃப்

அதிகம் உள்ள வகையை முதலில் வைத்து, இறங்குவரிசையில் கோடு போடுங்க. கோடு மெதுவா சரிந்தா எல்லா வகைக்கும் இடம் இருக்குன்னு அர்த்தம். தொபுக்கடீர்னு விழுந்தா, ஒரே வகையின் ராஜ்ஜியம்!

எவ்வளவு தூரம் எண்ணணும்? 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டங்களாகப் பிரிச்சுக்கோங்க. ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் அதுவரை பார்த்த மொத்த வகைகளைக் குறிச்சுக்கிட்டே வாங்க. புது வகை வராமல் கோடு படுத்துவிட்டால் எண்ணியது போதும்.

எதோடு ஒப்பிடுவது?

கடலூர் பகுதியில் கோயில் காடுகள் இன்னும் இருக்கின்றன. திருமாணிக்குழி, குழந்தைகுப்பம் காடுகளின் மரங்களைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து, 1997-ல் வெளியிட்டார்கள். நட்டு வளர்த்த மேட்டின் கோடு அந்தக் காடுகளின் கோட்டை எவ்வளவு நெருங்குதுன்னு பாருங்க. அதுதான் உண்மையான மதிப்பெண்!