முதலாளி இல்லாத தொழிலாளர்: சேவாவின் பதிவும் சாலையோர வணிகச் சட்டமும்

1972இல் அகமதாபாத்தில் இளா பட் தலைமையில் சேவா அமைப்பு தொழிற்சங்கமாகப் பதிவுபெற முயன்றது. உறுப்பினர்கள் தலைச்சுமை தூக்குவோர், பழந்துணி வணிகர், காய்கறி விற்போர் முதலிய சுயதொழில் பெண்கள். எதிர்நிற்க முதலாளி இல்லாதவர்க்குச் சங்கம் எதற்கு என்று தொழிலாளர் துறை தடை கூறியது. சங்கம் தொழிலாளர் ஒன்றுபடுவதற்கே. முதலாளியை எதிர்ப்பதற்கு மட்டுமன்று என்பது சேவாவின் வாதம். அவ்வாண்டு ஏப்ரலில் பதிவு கிடைத்தது.

தொழிலாளர் என்ற பெயர் கிடைத்தாலும் தெருவில் நிற்கும் உரிமை கிடைத்துவிடவில்லை. நடைபாதை வணிகத்தை, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமையாக உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கில் ஏற்றது. 2014ஆம் ஆண்டுச் சாலையோர வணிகர் சட்டம், கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது என்றது. இது பெரிய மாற்றமே. ஆயினும் அதே சட்டம் வணிகர் எண்ணிக்கைக்கு மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு என்ற வரம்பையும் விதித்தது. அவ்வரம்புக்குள் யார் அடங்குவர் என்பது உள்ளாட்சியின் கணக்கெடுப்பைப் பொறுத்ததாயிற்று.