தேர்ப்பாகனும் தோழனும்: கர்ணபாரத்தின் மேடையும் தமிழ் மொழிபெயர்ப்பும்

மலையாளத்தில் விழிஞ்ஞம் என்று வழங்கும் ஊர் பழந்தமிழ் ஆவணங்களில் விழிஞம் எனப்படும். திருவனந்தபுரத்திற்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த இவ்வூர் ஆய் மன்னர்களின் துறைமுகமாகவும் அரணாகவும் விளங்கியது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் சடிலபராந்தகன் இதனை வென்ற செய்தியைச் சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள் கூறுகின்றன. கலிங்கத்துப்பரணியும் இவ்வூரைக் குறிப்பிடும். இங்குள்ள சிறு குடைவரைக் கோயிலின் புறச்சுவரில் செதுக்கத் தொடங்கிய உருவங்கள் முற்றுப்பெறாமலே நிற்கின்றன. ஆய் நாட்டு அரசன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில் பார்த்திவசேகரபுரத்தில் தொண்ணூற்றைந்து சட்டர்களுக்கென ஒரு சாலை நிறுவினான். அங்குச் சேர்வோர்க்கு இலக்கணப் பயிற்சி ஒரு தகுதியாக விதிக்கப்பட்டிருந்தது. தமிழும் வடமொழியும் ஒரே முற்றத்தில் புழங்கிய நிலம் அது என்பதற்கு இச்செப்பேட்டினும் மேலான சான்று வேண்டுவதில்லை.

இந்நிலத்தின் தென்பகுதியில், பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில், 1909ஆம் ஆண்டளவில் ஓர் ஓலைச்சுவடி கிடைத்தது. மலையாள எழுத்தில் எழுதப்பட்ட வடமொழி நாடகத் தொகுதி அது. கண்டெடுத்தவர் திருநெல்வேலியை அடுத்த தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி (1860-1926). திருவிதாங்கூர் அரசின் வடமொழிச் சுவடி வெளியீட்டுத் துறைக்குப் பொறுப்பாளராக இருந்தவர். சுவடியில் பத்து நாடகங்கள் முழுமையாகவும் பதினொன்றாவது தொடக்க அளவிலும் இருந்தன. பின்னர்ப் பிற இடங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்துப் பதின்மூன்றாக, 1912 முதல் திருவனந்தபுரம் வடமொழி வரிசையில் அவர் பதிப்பித்தார். அவை பாசனுடையவை என்பது அவர் துணிபு. நாடகங்களின் முன்னுரையில் ஆசிரியர் பெயரே இல்லாமையால், அவை கேரளத்துச் சாக்கையர் தம் மேடைக்கெனத் தொகுத்துச் சுருக்கியவை என்று மறுத்தோரும் உளர். அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. இங்கு வேண்டுவது வேறு. சுவடி கிடைத்த இடம் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டமாயிற்று. ஆயினும் அச்சுவடியின் மேடை வாழ்வு பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்திலேயே அமைந்தது.

அத்தொகுதியில் மிகச் சிறியவற்றுள் ஒன்று கர்ணபாரம். ஓர் அங்கமே உடையது. சூத்திரதாரன், செய்தி கொணரும் வீரன், இறுதியில் வரும் தேவதூதன் ஆகியோரை நீக்கிப் பார்த்தால், எஞ்சுவது இருவர் நாடகம்: முதலில் கர்ணனும் சல்லியனும், பின்னர்ச் சல்லியன் அருகில் நிற்கக் கர்ணனும் மாறுவேட இந்திரனும். போர்க்களத்தின் ஓரத்தில் நிகழ்வதாயினும் இதில் போர் இல்லை, சாவும் இல்லை.

இந்நாடகத்தின் பெருமாற்றம் சல்லியனிடத்தில் உள்ளது. வியாச பாரதத்தில் சல்லியன் பகைவனினும் கொடிய பாகன். கர்ணனின் ஊக்கத்தைக் குலைப்பதாகத் தருமனிடம் வாக்களித்தவன். தேரில் அமர்ந்துகொண்டே அன்னமும் காக்கையும் பற்றிய கதையைக் கூறி அவனை இழித்துரைப்பவன். கர்ணனும் மத்திர நாட்டாரை வாய்க்கு வந்தவாறு ஏசுகிறான். தமிழ்க் கதைமரபிலும் நாகக்கணையை எங்குக் குறிவைப்பது என்னும் பூசலில் தேரைவிட்டு இறங்கிச் செல்பவனாகவே சல்லியன் அறியப்படுகிறான். கர்ணனின் நட்பு என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருபவன் துரியோதனன். 1964இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படம் அந்நினைவை மேலும் உறுதிப்படுத்தியது.

கர்ணபாரத்தில் அப்பூசலின் சுவடே இல்லை. போருக்குப் புறப்பட்ட கர்ணன் அர்ச்சுனன் இருக்குமிடத்துக்குத் தேரைச் செலுத்துமாறு கூறுகிறான். கூறியவன் அங்கேயே தளர்கிறான். தான் குந்தியின் தலைமகன், எதிரே நிற்போர் தன் தம்பியர் என்னும் நினைவு அவனை அழுத்துகிறது. பின்னர்த் தன் படைக்கலங்களின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறான். அதனைக் கேட்கத் தனக்கும் ஆவல் உண்டு என்று சல்லியன் கூறும் ஒரு சிறு தொடரே இந்நாடகத்தில் நட்பின் வாயில். வியாசரின் சல்லியன் பேசுபவன். இந்தச் சல்லியன் கேட்பவன்.

கர்ணன் கூறுவது பழைய புண்ணின் கதை. பரசுராமரிடம் தான் க்ஷத்திரியன் அல்லன் என்று கூறி வில்வித்தை கற்றது. ஒருநாள் குரு தன் மடியில் தலைவைத்து உறங்கியபோது வச்சிரமுகம் என்னும் புழு தன் தொடைகளைத் துளைத்தது. அவர் உறக்கம் கலையலாகாது என்று வலியைப் பொறுத்தது. குருதி பட்டு விழித்த குரு உண்மை உணர்ந்து, உற்ற வேளையில் படைக்கலங்கள் பயனற்றுப் போகுமாறு சபித்தது. புண்ணைத் தந்தது புழு. ஆறாமற் செய்தது குருவின் சொல். கதை கேட்ட சல்லியன் அறிவுரை கூறவில்லை. குரு கொடிய சொல் சொன்னார் என்று மட்டும் இரங்குகிறான். படைக்கலங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அவை வலியிழந்து காணப்படுகின்றன. குதிரைகளும் யானைகளும் தோல்விக்குறி காட்டுகின்றன. சல்லியன் கலங்க, இப்போது கர்ணன் அவனைத் தேற்றுகிறான்: வெல்பவனுக்குப் புகழும் வீழ்பவனுக்குத் துறக்கமும் உண்டு, ஆகவே போர் எவ்வழியும் வீண் அன்று. ஆறுதல் பெறவேண்டியவன் ஆறுதல் சொல்பவனாக மாறும் இடம் இது. சாபம் நீங்கவில்லை, ஆனால் அதனைச் சுமப்பவர் இருவராயினர்.

மேடைக் குறிப்பொன்று இங்குக் கருதத்தக்கது. புண்ணின் கதை முடிந்த பின்னரே இருவரும் தேரேறுவதாக அபிநயிக்கின்றனர். பாகன் முன்னும் வீரன் பின்னுமாக நிற்கும் தேரில் ஒருவர் முகம் ஒருவர்க்குத் தெரியாது. ஆகவே கதை தரையில், முகம் நோக்கிச் சொல்லப்படுகிறது. இதனைப் பொருட்படுத்தாமல் திரை விலகியதும் இருவரையும் தேர்ப்பலகையில் ஏற்றி நிறுத்தும் நெறியாளர் நாடகத்தின் முதற்பாதியை இழந்துவிடுகிறார் எனலாம்.

கவசகுண்டல நிகழ்ச்சியிலும் இடமாற்றம் உண்டு. வியாசர் அதனைப் போருக்கு நெடுநாள் முன்னரே, வனபருவத்தில், வைத்துள்ளார். அங்கே இந்திரன் வருவதைக் கனவில் முன்னறிவித்துக் கொடுக்கவேண்டா என்று தடுப்பவன் கதிரவன். கர்ணனும் ஈடாக வேலாயுதம் கேட்டுப் பெறுகிறான். கர்ணபாரத்தில் நிகழ்ச்சி போர்க்களத்துக்கு வந்துவிட, கதிரவன் மறைந்து, கொடுக்கவேண்டா என்று தடுக்கும் பொறுப்பு சல்லியனுக்கு உரியதாகிறது. தந்தையின் இடத்தில் தோழன்! இம்மாற்றத்தைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை. ஈடு எதனையும் கர்ணன் கேட்பதுமில்லை. பின்னர்த் தூதன்வழி வரும் சக்தியைக் கொடைக்குக் கைம்மாறாக ஏற்க மறுத்து, அந்தணன் சொல்லை மீறலாகாது என்பதற்காகவே ஏற்கிறான். ஏமாற்றப்பட்டாய் என்று சல்லியன் வருந்தும்போது, ஏமாந்தவன் இந்திரனே என்பது கர்ணனின் மறுமொழி.

நவீன மேடையில் இந்நாடகத்திற்குப் புத்துயிர் அளித்தவர் காவாலம் நாராயணப் பணிக்கர் (1928-2016). கூடியாட்டக் கலைஞர் அபிஷேகம், பிரதிமா முதலிய நாடகங்களின் அங்கங்களை மரபாக நடித்துவந்தனர். கர்ணபாரம் அத்தகைய வழக்குப் பெற்றதன்று. திருவனந்தபுரத்தில் தம் சோபானம் குழுவைக்கொண்டு 1978இல் மத்யமவியாயோகத்தையும் 1984இல் கர்ணபாரத்தையும் வடமொழியிலேயே அவர் மேடையேற்றினார். களரிப்பயிற்று, சோபான இசை முதலிய கேரள மரபுகளில் பயின்ற உடலும் குரலும் அவர் கருவிகள். 2001இல் தில்லியில் நடிகர் மோகன்லால் கர்ணனாக நடித்தபோது இந்நாடகம் பரவலான கவனம் பெற்றது. வடமொழி அறியாத அவையினரும் அதனைக் கண்டு நெகிழ்ந்தனர் என்றால், பொருளை உடல் மொழிபெயர்த்தது என்பதே கருத்து. கூடியாட்டத்தில் தலைவனின் தோழனாகிய விதூஷகனே வடமொழியையும் பிராகிருதத்தையும் அவையினர்க்கு நாட்டுமொழியில் எடுத்துரைப்பவன் என்பதை இங்கு நினைவுகூரலாம். அம்மரபில் தோழமையும் மொழிபெயர்ப்பும் ஒருவனுடைய தொழில்.

தமிழுக்கும் கேரள மேடைக்கும் உறவு இல்லாமல் இல்லை. ஜி. சங்கரப்பிள்ளையும் சே. இராமானுஜமும் பங்கேற்ற 1977ஆம் ஆண்டுக் காந்திகிராம நாடகப் பட்டறை அவ்வுறவின் பேறே. எனினும் கர்ணபாரத்தைத் தமிழில் பேச வைக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் இடர்கள் தனித்தன்மை உடையன.

பெயரிலேயே இடர் தொடங்குகிறது. வடமொழியில் கர்ணம் என்பது காது; ஆகவே தலைப்பு கர்ணனின் சுமை என்றும் காதின் சுமை, அதாவது குண்டலம், என்றும் இருபொருள் தரும். தமிழில் பாரம் என்னும் சொல் உயிருடன் இருக்கிறது. மனப்பாரம் என்றால் விளக்கம் வேண்டா. கர்ணமோ கர்ணகடூரம் போன்ற தொடர்களில் மட்டுமே ஒட்டிக்கொண்டுள்ளது. சிலேடையின் ஒரு பாதியைத் தமிழ் தானே தருகிறது. மறு பாதியை நடிகரின் கைதான் தரவேண்டும்.

இந்திரனின் மொழி இதனினும் கடிது. அந்தண வேடத்தில் வரும் அவன் பேசுவது பிராகிருதம். நாடக வழக்கில் அந்தணர் வடமொழி பேசுவர்; விதூஷகனாகிய அந்தணனே பிராகிருதம் பேசுவான். எனவே தேவர்கோனின் பேச்சில் கோமாளியின் நிழல் விழுகிறது. நீடு வாழ்க என்று வாழ்த்தினால் கர்ணன் வாழ்ந்துவிடுவான், வாழ்த்தாவிட்டால் தன்னை மூடன் என்று இகழ்வான் என்று தனக்குள் கணக்கிட்டு, அவன் புகழ் நிலைக்கட்டும் என்று வாழ்த்தித் தப்பும் இடம் அந்நிழலுக்குப் பொருந்துவதே.

அவன் கர்ணனை விளிக்கும் பிராகிருதப் பெயர் கண்ண என்பது. தமிழ்க் காதுக்கு அது கண்ணன். வில்லிபுத்தூரார் முதலியோர் கர்ணனைக் கன்னன் என்றே எழுதினர். றன்னகர ணகர வேறுபாடு ஒன்றே இரு பெயரையும் பிரிக்கிறது. பேச்சு வழக்கில் அவ்வேறுபாடு பலரிடம் மங்கிவிட்டது. இதனோடு, களத்தில் வீழ்ந்த கர்ணனிடம் அந்தண வேடத்தில் வந்து புண்ணியத்தை இரந்தவன் கண்ணன் என்னும் தமிழ்க் கதையும் சேர்கிறது. ஆகவே அந்தணன் ஒருவன் களத்திற்கு வந்து இவ்வாறு விளித்தால், தமிழ் அவையினர் வந்தவனையே கண்ணன் என்று கொள்ளக்கூடும். மூலத்தின் ஒலியைக் காப்பது பொருளைக் கெடுக்கும் இடம் இது.

பிராகிருதத்துக்கு ஈடாகப் பேச்சுத்தமிழைக் கொள்ளலாம் என்பது எளிதில் தோன்றும் தீர்வு. வடமொழியும் பிராகிருதமும் போலவே எழுத்துத்தமிழும் பேச்சுத்தமிழும் ஒரே மேடையில் நிற்க வல்லவை. ஆனால் ஒப்புமை அவ்வளவில் நின்றுவிடுகிறது. வடமொழி நாடகத்தில் மொழிவேறுபாடு தகுதியின் அடையாளம். தமிழிலோ பேச்சுவழக்கு நெருக்கத்தின் மொழி. வஞ்சிக்க வந்தவனுக்குப் பேச்சுத்தமிழைத் தந்து, தோழர் இருவரையும் எழுத்துத்தமிழில் நிறுத்தினால், அவையினர் நெஞ்சுக்கு அணுக்கமானவன் வஞ்சகனாகிறான், தோழர்கள் பாடநூலாகிறார்கள். சாதி வழக்கைக் கையாண்டால் நகைப்பு மிஞ்சி இறுதியில் வரும் அவன் கழிவிரக்கம் எடுபடாது. இந்திரனுக்குச் சாதி அடையாளமற்ற பேச்சுத்தமிழைத் தருவதில் தவறில்லை. ஆனால் கர்ணனின் தமிழ், புண்ணின் கதையைச் சொல்லச் சொல்ல, அரசவை உயரத்திலிருந்து படிப்படியாக இறங்கிவருதல் வேண்டும். அவ்விறக்கமே தமிழில் நட்பைக் காட்டும் வழி.

விளியிலும் இது செய்யத்தக்கதே. மூலத்தில் இருவரும் அங்கராசன், சல்லியராசன் என்று நாடும் பட்டமுமாகவே ஒருவரையொருவர் விளிக்கின்றனர். தமிழ் வினைமுற்று ஒவ்வொன்றும் நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும். நீங்கள் என்பதில் தொலைவு மிகுதி. நீ என்பதில் முதிர்ந்த மத்திரமன்னனுக்கு இழுக்கு. எழுத்தில் பழமை என்று ஒதுக்கப்படும் நீர், நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் ஒத்தாரிடையே மதிப்பும் உரிமையும் கலந்த வழக்காகப் பேச்சில் வாழ்ந்துவருவது. சுவடி கிடைத்த மண்ணின் வழக்கே அச்சுவடிக்குக் கைகொடுப்பது மகிழத்தக்கது.

எஞ்சுவது மூன்றுமுறை வரும் தேர்க்கட்டளை. முதலில் தளர்ச்சிக்கு முன்னும், பின்னர்ப் புண்ணின் கதைக்குப் பின்னும், இறுதியில் கவசம் இழந்த பின்னும் கர்ணன் அதே தொடரைக் கூறுகிறான். வடமொழியில் அது செயப்பாட்டு வியங்கோள். முன்னிலை இடத்தைத் தொடாமலே கட்டளையாகிவிடுகிறது. ஆதலின் உறவு மாறினும் தொடர் மாறவேண்டியதில்லை. தமிழில் செலுத்தப்படுக என்று எந்த வீரனும் பாகனிடம் சொல்லான். செல்லட்டும் என்றால் முன்னிலையைத் தவிர்க்கலாம். செலுத்தும் என்றால் நீர் என்னும் உறவு வெளிப்படும். முதன்முறை செல்லட்டும் என்று தேரைப் பற்றியும், கதை கேட்கப்பட்ட பின்னர் இருமுறையும் செலுத்தும் என்று தோழனை நோக்கியும் கூறவைத்தால், மூலத்தின் ஒருமைப்பாடு சிறிது குலையும். கவசமற்ற மார்புடன் இரண்டாம் முறை தேரேறுபவன் யாரிடம் பேசுகிறான் என்பது மட்டும் அவையின் கடைசி வரிசைக்கும் விளங்கும்.