பணத்து மாடும் பொண்ணு மாடும்

குழுக் கடனில் கறவை மாடு வாங்காத வீடு நம்ம ஊரில் குறைவு. அதனால் இந்த மலருக்கு மாட்டுச் சரித்திரம் ஒன்று எழுதுகிறேன். காலேஜ் படிக்கும் என் நாத்தனார் மகள் புத்தகத்தில் படித்துச் சொன்னது இது.

ஆப்பிரிக்காவில் தெற்கு சூடான் என்று ஒரு நாடு. அங்கே நைல் ஆற்றுச் சதுப்பு நிலத்தில் நுவேர் என்ற மக்கள் மாடு வளர்க்கிறார்கள். பையன் பெரியவனானால் அப்பா ஒரு எருது கொடுப்பார். அதன் நிறத்தை வைத்தே அவனுக்குப் பேர். மயிலை, செவலை, காரி என்று நாம மாட்டுக்கு வைக்கிறதை அங்கே ஆளுக்கு வைக்கிறார்கள்! கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்கு மாடு தரணும். நாற்பது மாடு முறை என்பார்களாம். (நம்ம ஊரில் எல்லாம் தலைகீழ்.) பெரியவனான ஆண் மடியில் கை வைக்கக் கூடாது. பெண்களும் சின்னப் பையன்களும்தான் கறக்கணும்.

வெள்ளைக்காரர்கள் அவர்களை அடக்க 1920-களின் கடைசியில் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். மாடுகளையும் பிடித்துப் போனார்கள். அதே அரசாங்கம் கேட்டுக்கொண்டு, 1930-இல் எவன்ஸ் பிரிட்சர்ட் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே போனார். குண்டு போட்டவன் ஆள்தானே என்று பேரைக்கூடச் சொல்ல மாட்டார்களாம். பிறகு பழகினார்கள். எந்தப் பேச்சை எடுத்தாலும் மாட்டில்தான் போய் முடியுமாம். 1940-இல் புத்தகம் எழுதினார்.

ஐம்பது வருஷம் கழித்து 1980-களில் ஷாரன் ஹட்சின்சன் என்ற அம்மா போய்ப் பார்த்தார். அதற்குள் சந்தையும் காசும் வந்துவிட்டன. கல்யாணத்தில் வந்த மாடு ‘பொண்ணு மாடு’. அதில் சித்தப்பன், மாமன் எல்லோருக்கும் பங்கு கேட்க உரிமை உண்டு. உழைத்துச் சம்பாதித்து வாங்கினது ‘பணத்து மாடு’. அதில் சொந்தக்காரர் அவ்வளவு சுலபமாகக் கை வைக்க முடியாது. டவுனில் கக்கூஸ் அள்ளிக் கிடைத்த கூலியை மட்டும் ‘பீக்காசு’ என்று ஒதுக்கினார்கள். அதில் வாங்கின மாடு தங்காதாம். அந்த வேலைக்குத் தள்ளினவனை விட்டுவிட்டுக் காசை மட்டும் ஒதுக்கினது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாம வாங்கினதும் பணத்து மாடுதான். எங்கள் வீட்டில் கடன் என் பேரில், தவணை கட்டுவது நான், கறப்பதும் நான். பால் சொசைட்டி அட்டை மட்டும் அவர் பேரில். நாலு வீட்டில் விசாரித்தேன், மூன்றில் இதே கதை. அடுத்த கூட்டத்தில் பேச, தீர்மான நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.