சோளத்தட்டு வண்டி முதல் சன் போர்டு பஸ் வரை

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள் ஹாஸ்டல் சாப்பாடு, ஸ்டிரைக், இரண்டாம் ஆட்டம் சினிமா என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைச் சுவையாக எழுத நம் செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்: பொம்மைக் கார். "இந்த வயசுல இது என்ன ஆராய்ச்சி?" என்று வீட்டிலேயே கேட்டாகிவிட்டது. இருந்தாலும் இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் நம் தகடூருக்கும் பங்கு உண்டு.

தகடூர் என்றால் அதியமான். புறநானூற்றின் 87-ஆம் பாட்டில் ஔவையார் பகைவரை எச்சரிக்கும்போது அவனை எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய கைகாரத் தச்சன் ஒருவன், ஒரு மாதம் உட்கார்ந்து நுணுக்கிச் செய்த ஒற்றைத் தேர்ச்சக்கரத்துக்கு! ஒரு சக்கரத்துக்கு ஒரு மாதம் செலவு செய்பவனை இன்று வீட்டில் "வேலையத்தவன்" என்பார்கள். ஔவையோ அவன் வேலையை அரசனுக்கு உவமை ஆக்கினார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் குழந்தைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறார்கள். பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குச் 'சிறுதேர்' என்று தனிப் பருவமே வைத்திருக்கிறது. பெரிய வண்டியைச் சின்னதாக்கிப் பார்க்கும் ஆசை நமக்குப் புதிது அல்ல.

நம் காலத்துக்கு வருவோம். சோளம் அறுத்த காட்டில் தட்டு கிடைக்கும். மேல்பட்டையைச் சீவி எடுத்து, உள்ளே மெத்தென்று இருக்கும் தண்டைத் துண்டு போட்டு, அந்தப் பட்டையையே ஆணி மாதிரிக் குத்திச் சேர்த்தால் கட்டை வண்டி தயார். பசை வேண்டாம், காசு வேண்டாம். நுங்கு தின்றால் கூந்தல் இரண்டும் சக்கரம். அறுந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் லாரிக்கு டயர். தீப்பெட்டி கேபின் ஆகும், சோடா மூடி ஹெட்லைட் ஆகும். தைப்பூசத்தில் குமாரசாமிப்பேட்டையில் பெண்கள் வடம் பிடித்து இழுக்கும் தேரைப் பார்த்துவிட்டு வந்த வாரம் முழுக்கத் தெருவெல்லாம் குட்டித் தேர்தான்.

தேர் முடிந்தால் லாரி. அன்று என்.எச். 7, இன்று 44 என்கிறார்கள். அந்த ரோட்டோரம் நின்று, வருகிற லாரி லேலண்டா டாட்டாவா என்று சத்தத்தை வைத்தே பந்தயம் கட்டிய பையன்கள் நம்மில் பலர். களிமண்ணில் பிடித்த லாரிக்குப் பின்புறம் சங்கிலி தொங்கவிடக்கூட மறக்கமாட்டோம். கண்ணில் பட்டது எல்லாம் கையில் வந்தது. வராதது ஒன்றே ஒன்று: அளவு. லாரி எத்தனை அடி, நம் மண் லாரி அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று ஒருத்தரும் ஸ்கேல் வைத்துப் பார்க்கவில்லை. பொம்மைக்கும் மாடலுக்கும் நடுவில் நிற்பது அந்த ஸ்கேல்தான்.

சீமையில் அது எப்படி வந்தது என்பது சுவையான கதை. மெக்கானோவைக் கண்டுபிடித்த லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி, தன் பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்க 1933 கடைசியில் சிறிய உலோக வண்டிகளை வெளியிட்டார். 1934-ல் அவை 'டிங்கி' என்று பெயர் பெற்றன. அந்த ரயிலின் கணக்கு, ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர். அடி என்பது 304.8 மில்லிமீட்டர்; 7-ஆல் வகுத்தால் 43 சொச்சம். உலகம் முழுக்கக் கார் மாடல்காரர்கள் இன்றும் பிடித்துத் தொங்கும் 1:43 அளவு இப்படி ரயிலுக்குத் துணையாக வந்தது. நம் அம்பாசிடர் சுமார் 4.3 மீட்டர் நீளம். 43-ல் ஒரு பங்கு என்றால் 10 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். மேட்ச்பாக்ஸ் கதை இன்னும் வேடிக்கை. தீப்பெட்டிக்குள் அடங்கும் சாமான்தான் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு விதி. ஜாக் ஓடெல் தன் மகளுக்காக அந்த அளவில் ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். 1953-ல் அதுவே ஒரு வியாபாரமாகிவிட்டது. அவர்கள் தீப்பெட்டிக்குள் வண்டியை வைத்தார்கள். நாம் தீப்பெட்டியையே வண்டி ஆக்கினோம்!

டிங்கி இந்தியாவுக்கும் வந்தது. 1960-களின் பிற்பகுதியில் அதன் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்கள் வார்க்கப்பட்டன. அவற்றில் நம் ரோடுகளில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டும் உண்டு. பின்னாளில் லியோ மேட்டலின் ஹாட் வீல்ஸ் வந்தது. ஆனால் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட் என்பது இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வெளிநாட்டு மாமா உள்ள வீட்டுச் சமாசாரம். அந்தக் கட்டுப்பாடுகள் விலகி முடிந்தது 2001 ஏப்ரலில். அதற்குள் நாம் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டிக் கொண்டிருந்தோம்.

எனக்கு மனசு ஆறாத இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஃபிஷர் பாடி பிரிவு, 1930 முதல் 1968 வரை பள்ளிப் பையன்களுக்கு மாடல் செய்யும் போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டி. 1937 முதல் காரும் சேர்ந்தது. 12-ல் ஒரு பங்கு அளவு, சொந்தக் கற்பனை, கைவேலை. பரிசு என்ன தெரியுமா? கல்லூரிப் படிப்புக்கான பணம். 1947-ல் அதில் ஜெயித்த சக் ஜோர்டன் என்ற பையன், 1986-ல் அதே கம்பெனியின் டிசைன் பிரிவுக்கே தலைவர் ஆனார். அங்கே டிசைன் கூடத்தில் செய்ததும் நாம் செய்த வேலைதான். 1927-ல் அங்கு சேர்ந்த ஹார்லி ஏர்ல் களிமண்ணில் காரைச் செதுக்கிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கார்க் கம்பெனிகள் அதை விடவில்லை.

1980-ல் ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டு, அதே ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் நம் தருமபுரி மாவட்டம்தான். ஆக, களிமண்ணில் லாரி பிடித்த பையன்களும் நிஜ லாரி செய்யும் தொழிற்சாலையும் ஒரே மாவட்டத்தில் இருந்தார்கள். நடுவில் ஒரு போட்டியோ, ஒரு ஸ்கேலோ, ஒரு வாத்தியாரோ இருந்திருந்தால்? நமக்குக் கிடைத்தது, "மண்ணுல கை வெக்காதே, போய்ப் படி" என்ற அதட்டல். படித்தோம். பி.எஸ்சி. ஃபிசிக்ஸில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தபோது மண் லாரி எப்போதோ கரைந்து போயிருந்தது.

இப்போது என்ன நிலைமை? பொழுதுபோக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு கூட்டம் வாங்குகிறது. ஹாட் வீல்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமலே சுவரில் மாட்டி வைத்து, அபூர்வ மாடல் என்றால் அதிக விலைக்கு விற்கிறார்கள். அவர்களுடைய சந்தோஷத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் உருட்டாத கார் எனக்கு ரசிக்கவில்லை.

இன்னொரு கூட்டம் செய்கிறது. தமிழ்நாடு முழுக்க இளைஞர்கள் சன் போர்டிலும் ஃபோம் ஷீட்டிலும் 'மினியேச்சர்' பஸ், லாரி செய்து யூடியூபில் காட்டுகிறார்கள். என் அக்கா பேரன் அவர்களில் ஒருவன். டிப்போவில் நிற்கும் பஸ்ஸைப் படம் எடுத்து, கதவின் உயரத்தை அளந்து, அதிலிருந்து மற்ற அளவுகளைக் கணக்குப் போடுகிறான். 11 மீட்டர் பஸ் 24-ல் ஒரு பங்கில் 46 சென்டிமீட்டர். கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட், கம்பிக்குப் பேனா ரீஃபில், உள்ளே எல்.இ.டி. விளக்கு. டயர் மட்டும் பழைய ரப்பர் செருப்பு! அதைப் பார்த்து நான் சிரித்ததற்கு, "வேற எதுவும் இவ்ளோ நல்லா வரல தாத்தா" என்றான்.

போன மாதம் வந்து, "தாத்தா, தருமபுரிக்குன்னு தனியா அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் இருந்துச்சாமே, பஸ் எந்தக் கலரு?" என்று கேட்டான். 1997-ல் எல்லாக் கழகமும் ஒரே பொதுப்பெயருக்கு மாறிய பின் பிறந்த பிள்ளை. அவனுக்கு எப்படித் தெரியும்? நம் செட்டில் யாரிடமாவது அந்த பஸ் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ இருந்தால், கலர் மங்கியிருந்தாலும் பரவாயில்லை, சந்திப்பு நாளன்று கொண்டு வாருங்கள். பையன் டேப்போடு வருகிறான்.