காரில் ஒரு துப்பாக்கி: தற்காப்பு உரிமை யாருக்கு உரியது?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் காரில் துப்பாக்கி வைத்திருப்பது அன்றாடப் பழக்கம். இடுப்பில் ஒன்று, அது கைகொடுக்காமற் போனால் எடுத்துக்கொள்ள வண்டியில் மற்றொன்று என வைத்துக்கொள்வோரும் உண்டு. அதனை அந்நாட்டு அரசமைப்பு தந்த உரிமை என்று பெருமையுடன் சொல்வார்கள். ஆனால் அதே உரிமையைக் கறுப்பின மக்கள் கையிலெடுத்த போதெல்லாம் சட்டம் வேறு முகம் காட்டியது. ஆயுதம் பற்றிய சட்டம் எங்கும் பொதுவாக எழுதப்படுகிறது; ஆனால் ஆளைப் பார்த்தே நடைமுறைப்படுத்தப்படுகிறது. சாதியச் சமூகத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தி அன்று.

ஆயுதமும் குடியுரிமையும்

1857ஆம் ஆண்டின் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களைக் குடிமக்களாக ஏற்றால், செல்லுமிடமெல்லாம் ஆயுதம் ஏந்தும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்துவிடும் என்பதைத் தலைமை நீதிபதி டேனி தம் வாதங்களுள் ஒன்றாக முன்வைத்தார். அடிமை முறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. உரிமம் வழங்கும் அதிகாரம் உள்ளூர் வெள்ளையர் கையில் இருந்தது. தடை சட்டத்தில் இருந்தது. மறுப்பு அலுவலகத்தில் நடந்தது.

ஏன் கார்?

1950களிலும் 60களிலும் தென் மாநிலங்களில் வாக்காளர் பதிவுக்காகவும் சம உரிமைக்காகவும் உழைத்தவர்களுக்கு மிகப் பெரிய ஆபத்து நெடுஞ்சாலையில்தான் காத்திருந்தது. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான இருட்டில் சாட்சி இல்லை. காவல் துறையோ பல இடங்களில் கொலையாளிகளின் பக்கம். 1964 ஜூனில் மிசிசிப்பியின் நெஷோபா மாவட்டத்தில் சேனி, குட்மன், ஷ்வெர்னர் ஆகிய மூன்று செயல்பாட்டாளர்கள் சாலையில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். 1965 மார்ச்சில், செல்மா நடைப்பயணத்தில் பங்கேற்றவர்களைக் காரில் அழைத்துச் சென்றுவந்த வயோலா லியுஸோ ஓடும் காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

எனவே துப்பாக்கி காருக்குள் வந்தது. மவுண்ட் பேயூ நகரின் அறுவை மருத்துவரும் உரிமைப் போராளியுமான டி.ஆர்.எம். ஹோவர்ட், மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதி கறுப்பினத்தவருக்குக் கிடைக்காத நிலையில், கைத்துப்பாக்கிக்கென்று தம் காரில் இரகசிய அறை ஒன்றை அமைத்துக்கொண்டார். 1955இல் சிறுவன் எம்மெட் டில் கொலை வழக்கு நடந்தபோது, சிறுவனின் தாயார் ஆயுதக் காவலுடைய ஹோவர்டின் வீட்டில் தங்கியிருந்துதான் நீதிமன்றம் சென்றுவந்தார். பின்னர் கொலை மிரட்டல்களால் ஹோவர்டே மிசிசிப்பியை விட்டுச் சிகாகோவில் குடியேற நேர்ந்தது.

அறப்போரின் அடையாளமான மார்ட்டின் லூதர் கிங்கும் இதற்கு விலக்கல்லர். 1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் அவரது வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு, துப்பாக்கி எடுத்துச் செல்ல அவர் அனுமதி கோரினார். அது மறுக்கப்பட்டது. அகிம்சையை முழுமையாக ஏற்று ஆயுதத்தைத் துறந்தது அதற்குப் பிந்தைய முடிவு. லூசியானாவில் 1964இல் தொடங்கிய 'தற்காப்புக்கான டீக்கன்கள்' அமைப்பினரோ ஆயுதங்களுடன் கார்களில் சென்று, அகிம்சை வழிச் செயல்பாட்டாளர்களுக்கு வழிக்காவல் தந்தனர். அகிம்சைப் போராட்டமும் ஆயுதத் தற்காப்பும் அங்கே அருகருகே நடந்தன.

துப்பாக்கி காப்பாற்றாத இடம்

இவ்வரலாற்றை வீரக் கதையாக மட்டும் படிப்பது பிழை. மிசிசிப்பியில் வண்ண மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் களச் செயலாளராக இருந்த மெட்கர் எவர்ஸ், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். காரில் துப்பாக்கி வைத்திருந்தவர். 1963 ஜூன் 12 அன்று நள்ளிரவுக்குப் பின், தம் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியவரை மறைந்திருந்தவன் முதுகில் சுட்டான். 1964இல் நடந்த இரு விசாரணைகளிலும் வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழுக்கள் முடிவெடுக்க இயலாமல் கலைந்தன. கொலையாளி தண்டிக்கப்பட்டது 1994இல். எவர்ஸிடம் ஆயுதம் இருந்தது; இல்லாதிருந்தது அரசின் பாதுகாப்பும் நீதிமன்றத்தின் நேர்மையும்.

சட்டம் மாறிய வேகம்

1966 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினர். துப்பாக்கியுடனும் சட்டப் புத்தகத்துடனும் காரில் ஏறி, காவல் துறை வாகனங்களைப் பின்தொடர்ந்து கண்காணித்தனர். வெளிப்படையாக ஆயுதம் ஏந்துவது அன்று அங்கே சட்டப்படி குற்றமன்று. வாகனத்தில் நீள்துப்பாக்கியின் சுடும் அறையில் தோட்டா இருக்கக் கூடாது என்பது வரையிலான விதிகளை அறிந்து நடந்தனர். விளைவு? 1967லேயே மல்ஃபோர்டு சட்டம் வந்தது. பொது இடத்திலும் பொதுச் சாலையில் செல்லும் வாகனத்திலும் தோட்டா நிரப்பிய துப்பாக்கி தடை செய்யப்பட்டது. கையொப்பமிட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன்.

இந்த அமைப்பின் பெயர்தான் 1972இல் மும்பையில் தலித் பாந்தர்களுக்கும், பின்னர் தமிழ்நாட்டில் விடுதலைச் சிறுத்தைகளுக்கும் உந்துதலாயிற்று.

உரிமம் கையில் இருந்தாலும் நிலை மாறிவிடவில்லை. 2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில், பள்ளி உணவகப் பணியாளரான ஃபிலாண்டோ காஸ்டில் காரில் வந்தபோது காவலரால் நிறுத்தப்பட்டார். தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமாகவே அமைதியாகத் தெரிவித்தார். அவரிடம் முறையான உரிமம் இருந்தது. சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு வயதுக் குழந்தை ஒன்று பின்னிருக்கையில் இருந்தது. 2017இல் அந்தக் காவலர் விடுவிக்கப்பட்டார்.

நம் சட்டம் சொல்வது

இந்தியாவில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமையன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றாக வேண்டும். ஆயினும் பலரும் கவனிக்காத ஒரு விதி நம்மிடம் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட 1995ஆம் ஆண்டு விதிகளின் 3ஆம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு முன்கூட்டியே கண்டறிய வேண்டும் என்கிறது. அப்பகுதிகளில் தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதோரின் ஆயுத உரிமங்களை இரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். சட்டவிரோத ஆயுதங்களைக் கைப்பற்ற வேண்டும். தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கலாம். சிறப்புக் காவல் படையையும் நிறுத்த வேண்டும்.

இந்த வரிசையே பொருள் நிறைந்தது. ஒடுக்குவோரின் ஆயுதத்தைக் களைவது முதலில். ஒடுக்கப்பட்டோருக்கு உரிமம் தருவது அதற்குப் பின்னர். ஆனால் 'தேவையெனக் கருதினால்' என்ற சொற்களில்தான் விதியின் உயிர் ஊசலாடுகிறது. கருதுபவர் யார், எப்போது கருதுவார்? 1997 ஜூனில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டபோது இந்த விதிகள் நடைமுறைக்கு வந்து இரண்டாண்டுகள் கடந்திருந்தன. மிசிசிப்பியைப் போலவே இங்கும் கொலைக்களம் சாலைதான்.

துப்பாக்கி நம்மைக் காக்கும் என்று இவ்வரலாறு சொல்லவில்லை. பாதுகாப்பை மறுக்கும் அரசு, தற்காப்பையும் மறுக்கிறது என்பதையே அது காட்டுகிறது. எனவே செயல்பாட்டாளர்கள் செய்ய வேண்டிய முதற்பணி கேள்வி கேட்பது. நம் மாவட்டத்தில் கண்டறியப்பட்ட பகுதிகள் எவை? அங்கே இரத்து செய்யப்பட்ட உரிமங்கள் எத்தனை? பட்டியல் சாதியினருக்கு வழங்கப்பட்டவை எத்தனை? தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் இவற்றைக் கேட்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டிய விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழுவிலும் இவற்றை எழுப்பலாம். விடை கிடைத்தால் அது சான்று. கிடைக்காமற் போனால் அதுவும் சான்றே.