சாராயக் கடத்தல் வழக்கும் ஜாமீனும் - ஒரு சிறிய வரலாறு

சாராயம் கடத்தியவர் கைது என்ற செய்தி வட ஆற்காட்டுப் பக்கம் அடிக்கடி வரும். கைதானவர் எப்போது வெளியே வந்தார், எப்படி வந்தார் என்பது மட்டும் செய்தியில் வராது. உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. 1939இல் அது வட ஆற்காட்டுக்கும் வந்தது. இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள கலவை அப்போது வட ஆற்காட்டில் இருந்தது. அதற்கு முன்பு உரிமம் இல்லாமல் சாராயம் கொண்டு போவது குற்றம். அதன் பிறகு கொண்டு போவதே குற்றம் ஆனது. பின்னாளில் மதுவிலக்கு பல முறை வந்து போனது. ஆனால் 1937 சட்டம் போகவில்லை! டாஸ்மாக் கடைகள் நடக்கும் இந்தக் காலத்திலும் கடத்தல் வழக்குகள் அதே சட்டத்தில்தான் பதிவாகின்றன.

இந்தப் பகுதிக்கு ஒரு பக்கம் ஆந்திர எல்லை, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. நடுவில் பைக்கிலோ வேனிலோ சரக்கை ஏற்றி வருபவர் பெரும்பாலும் கூலிக்கு ஓட்டுபவர். பிடிபடுவதும் அவர்தான்.

ஜாமீன் மனு வந்தால் நீதிமன்றம் என்ன பார்க்கிறது? எத்தனை லிட்டர், அதில் விஷப்பொருள் கலந்திருந்ததா, பழைய வழக்குகள் உண்டா, எத்தனை நாள் சிறையில் இருக்கிறார், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பவைதான் முக்கியம். சரக்கும் வண்டியும் ஏற்கனவே போலீஸ் கையில் இருப்பதால், சாட்சியத்தை அழித்து விடுவார் என்ற வாதம் பல வழக்குகளில் வலுவிழந்து விடும். ஜாமீன் கிடைத்தால் இரண்டு ஜாமீன்தாரர்கள், தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்து என்பது வழக்கமான நிபந்தனை. குற்றப்பத்திரிகை 60 நாளில் (கடும் தண்டனைக்குரிய குற்றமானால் 90 நாளில்) தாக்கல் ஆகாவிட்டால், ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். கூலிக்காரருக்கு ஜாமீன்தாரர் எங்கே கிடைப்பார்? 1978இல் மோதிராம் வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் முன்வந்தபோது, அவர் வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுத்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். எல்லை தாண்டி வந்து பிடிபடும் ஒரு டிரைவருக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தால் அரசு வேறு கதவைத் தேடும். 1982இல் வந்த தமிழ்நாடு சட்டம் 14ஐ மக்கள் 'குண்டர் சட்டம்' என்கிறார்கள். ஆனால் அதன் முழுப் பெயரில் குண்டர்களுக்கு முன்னால் வருபவர்கள் சாராய வியாபாரிகள்! இந்தச் சட்டத்தில் விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். ஜாமீனில் வந்து விடுவார் என்பதையே காரணமாகக் காட்டி, சிறையில் இருப்பவர் மீதே தடுப்புக்காவல் உத்தரவு போட்டார்கள். 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது, இதே போன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைத்த விவரமும் காட்டாமல், வெளியே வந்து விடுவார் என்று வெறுமனே சொன்னால் போதாது என்றது.

பீகாரிலும் இதே இழுபறிதான். அங்கே 2016 மதுவிலக்குச் சட்டம் முன்ஜாமீனைத் தடுத்தது. ஜாமீன் மனுக்கள் பாட்னா உயர் நீதிமன்றத்தில் குவிந்தன. கடைசியில் 2022இல் குடித்துப் பிடிபட்டவரை முதல் தடவை அபராதத்தோடு விட வழி செய்து சட்டத்தைத் திருத்தினார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. உடனே தமிழகச் சட்டம் இன்னும் கடுமையானது. உயிர் போன வழக்கில் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். இத்தனை சாவுக்குப் பிறகு ஜாமீன் தரத் தயங்குவது நியாயம்தான். ஆனால் விஷத்தைக் கலந்தவரையும் கேனில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஏற்றி வந்தவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அந்த வித்தியாசத்தைப் பார்க்கும் முதல் இடம் ஜாமீன் விசாரணை. அங்கே லிட்டரை மட்டும் எண்ணினால், சரக்கின் முதலாளி வெளியிலேயே இருப்பார், ஓட்டி வந்தவர் மட்டும் உள்ளே இருப்பார்.